சீட்டு யாருடையது?

(ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

எனக்குத் தரப்பட்ட தலைப்பு சிறிது. அதற்குள் அடைபட்டுக் கிடக்கும் துயரமோ பெரிது. "பாதுகாப்புச் சரிபார்ப்பு என்று சொல்லி எங்களை வாரக்கணக்கில் அலையவிடுகிறார்களே, இந்த அலைச்சலுக்கு அந்த வேலை ஈடாகுமா? சீட்டும் வேண்டாம், சிறுமையும் வேண்டாம் என்று உதறிவிட்டு, கொத்தனார் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போய்விட்டால் என்ன?" — இதுதான் நீங்கள் கேட்ட கேள்வி. கோபத்தில் கேட்டீர்கள்; நியாயமான கோபம்! ஆனால் விடையைக் கோபத்தில் சொல்லிவிட நான் விரும்பவில்லை. கோபம் கைதட்டலைத் தரும்; கூலியைத் தராது. ஆகவே கணக்குப் போட்டே பார்ப்போம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் இருப்பவை அணுமின் நிலையங்கள். காய்கறிச் சந்தைகள் அல்ல. துறைமுகம் என்பது நாட்டின் வாயில். விமான நிலையம் என்பது ஆயிரமாயிரம் உயிர்கள் ஏறி இறங்கும் துறை. அங்கே நுழைபவர் யார், எந்த ஊர், என்ன பின்னணி என்று கேட்பது குற்றமல்ல. கேட்காமல் விடுவதுதான் குற்றம்! உள்ளே விபரீதம் ஏதேனும் நிகழ்ந்தால், முதலில் மடிவது குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கும் அதிகாரியா? குழாயைத் துடைத்துக்கொண்டும், மூட்டையைத் தூக்கிக்கொண்டும் நிற்கும் நீங்கள் அல்லவா? எனவே, சரிபார்ப்பே கூடாது என்று சொல்பவன் உங்கள் நண்பன் அல்லன். நமது வாதம் அதுவன்று.

நமது வாதம் என்ன? காவல் காக்க வந்த சீட்டு, கழுத்தில் கட்டிய கயிறாக மாறலாமா என்பதுதான்!

எப்படிக் கிடைக்கிறது இந்தச் சீட்டு? காண்டிராக்டர் கடிதம் தரவேண்டும். ஆதார் வேண்டும், புகைப்படம் வேண்டும், முகவரிக்குச் சான்று வேண்டும். வாடகை வீட்டிலே இருக்கிறீர்கள். வீட்டுக்காரரோ எழுத்தில் எதையும் தரமாட்டார். தந்தால் வரி வருமோ என்று அவருக்கு அச்சம்! சொந்த ஊர் இராமநாதபுரம் பக்கம், வேலையோ கல்பாக்கத்தில் என்றால், காகிதம் அந்த ஊர்க் காவல் நிலையத்திற்கும் பயணம் போகவேண்டும். காகிதம் சாவகாசமாகப் போகும். வயிறு அப்படிக் காத்திருக்குமா? திருமணமாகி ஊர் மாறி வந்த பெண்ணுக்கு ஒரு சான்றில் தந்தை பெயர், இன்னொன்றில் கணவன் பெயர்; அந்த இரண்டையும் சேர்த்து வைப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. பதினைந்து நாள் அலைந்தால் பதினைந்து நாள் அடுப்பு அணையும்.

இது செலவுப் பக்கம். வரவுப் பக்கத்தையும் மறைக்காமல் பார்க்கவேண்டும். வெளியே சித்தாள் வேலையில் இன்று உண்டு, நாளை இல்லை. மழை பெய்தால் இல்லை. மேஸ்திரி முகம் சுளித்தால் இல்லை. உள்ளே, வேலை தொடர்ந்து இருக்கிறது. வருங்கால வைப்பு நிதி என்று ஒன்று இருக்கிறது. மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று இருக்கிறது. ஏட்டில் இருப்பதெல்லாம் கைக்கு வருகிறதா என்பது வேறு வழக்கு. ஆனால் ஏட்டிலாவது இருக்கிறது, எடுத்துக்காட்டிக் கேட்கலாம். வெளியே ஏடே இல்லை! அலைச்சல் ஒருமுறைதான், வேலை பல ஆண்டு என்றால், கணக்கு நம் பக்கம்தான். அலைந்து வாங்கலாம், தவறில்லை.

ஆனால் அலைச்சல் ஒருமுறைதானா? அங்கேதான் இருக்கிறது சூழ்ச்சி! நான் நாடகம் எழுதுபவன். ஆகவே, அதை ஒரு சிறு காட்சியாகவே காட்டிவிடுகிறேன். இடம், ஆலையின் வாயில். பாத்திரங்கள் இருவர்: வாயிற்காவலர், தொழிலாளி.

காவலர்: நில்! சீட்டு எங்கே?

தொழிலாளி: இதோ ஐயா.

காவலர்: இதிலே பழைய காண்டிராக்டர் பெயரல்லவா இருக்கிறது? அவருடைய ஒப்பந்தம் நேற்றோடு முடிந்துவிட்டதே!

தொழிலாளி: மாறியது காண்டிராக்டர்தானே ஐயா? நான் மாறவில்லையே! அதே முகம், அதே கைரேகை, அதே ஊர், அதே வேலை.

காவலர்: எனக்குத் தெரியாதா? நாலு வருஷமாக உன்னைப் பார்க்கிறேன். ஆனால் சீட்டுக்குத் தெரியாதே அப்பா!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தக் காவலரும் பல இடங்களில் உங்களைப் போலவே ஒப்பந்தக்காரரின் ஆள்தான். அவர் மீது குற்றமில்லை. குற்றம் ஏற்பாட்டின் மீது. சோதிக்கப்பட்டது யார்? தொழிலாளி. நல்லவன் என்று எழுதப்பட்டது யாரைப் பற்றி? தொழிலாளியைப் பற்றி. ஆனால் சீட்டு யாருடையது? காண்டிராக்டருடையது! அவர் வந்தால் வருகிறது, அவர் போனால் போகிறது. "சங்கத்திலே சேர்ந்தாயா? சம்பளப் பாக்கியைக் கேட்டாயா? சீட்டைத் திருப்பிக் கொடு" என்று அவர் சொன்னால், பேசாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு நிற்கவேண்டும். நாட்டின் பாதுகாப்புக்கென்று பிறந்த சீட்டு, காண்டிராக்டரின் இலாபத்திற்குக் காவல் நிற்கிறது!

தோழர்களே! இந்த வழக்கு நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. வல்லரசு என்று பெயர் பெற்ற அமெரிக்காவில், அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே இது உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றது. அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது, நமக்கு வழி தெரிந்துகொள்வதாகும்.

அணுகுண்டைச் செய்து முடித்த விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1953 டிசம்பரில் அவருடைய பாதுகாப்புத் தகுதியை நிறுத்தி வைத்தார்கள். 1954 ஜூன் 29-ஆம் நாள் அடியோடு பறித்தார்கள். அப்போது அவர் அணுசக்தி ஆணையத்திற்கு யார் தெரியுமா? ஆலோசகர். ஒப்பந்தத்தின் பேரில் பணியாற்றியவர். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரே நாள் இருந்தது. ஒரு நாள் பொறுத்திருந்தால் தானாக முடிந்திருக்கும். அந்த ஒரு நாளையும் பொறுக்கவில்லை. முடிவு வேண்டியிருக்கவில்லை, முத்திரை வேண்டியிருந்தது! அந்த முடிவு முறைகேடானது என்று அமெரிக்க எரிசக்தித் துறை இரத்துச் செய்தது 2022 டிசம்பரில். ஓப்பன்ஹைமர் மறைந்ததோ 1967-இல். நீதி வந்தது; வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அவர் உலகறிந்த மேதை. அவருக்கே அந்தக் கதி. அடுத்தவர், கிரீன் என்ற விமானப் பொறியாளர். கடற்படைக்குக் கருவிகள் செய்து கொடுத்த தனியார் நிறுவனமொன்றின் பொது மேலாளர். ஆண்டுக்கு 18,000 டாலர் சம்பளம். முன்பு தகுதி வழங்கப்பட்டவர்தான். 1953-இல் அது பறிக்கப்பட்டது. ஏன்? அவருடைய முன்னாள் மனைவி பொதுவுடைமைக் கருத்தினராம். அவர் இன்னின்னாரோடு பழகினாராம். சொன்னது யார்? சொல்லமாட்டார்கள். சொன்னவரை நேரில் நிறுத்துவார்களா? நிறுத்தமாட்டார்கள். எழுதிய அறிக்கையைக் காட்டுவார்களா? காட்டமாட்டார்கள். வேலை போயிற்று, கற்ற தொழிலின் கதவே சாத்தப்பட்டது.

வழக்கு நடந்தது. 1959 ஜூன் 29 — ஓப்பன்ஹைமர் மீதான முடிவு வந்து சரியாக ஐந்து ஆண்டு — அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார். குற்றம் சாட்டுபவர் முகத்தைக் காட்டாமல், குறுக்கு விசாரணைக்கு இடமளிக்காமல், ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் முறைக்குக் குடியரசுத் தலைவரும் அதிகாரம் தரவில்லை, நாடாளுமன்றமும் அதிகாரம் தரவில்லை என்றது அந்தத் தீர்ப்பு. அடுத்த ஆண்டே, 1960 பிப்ரவரியில், ஐசனோவர் ஓர் ஆணை பிறப்பித்தார். அரசின் இரகசியப் பணியை ஏற்கும் தனியார் நிறுவன ஊழியருக்குத் தகுதியை மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், விசாரணைக்கு வாய்ப்புத் தரவேண்டும் என்றது அந்த ஆணை.

"ஆகா, அமெரிக்காவில் அறம் வென்றது" என்று எழுந்துவிடாதீர்கள்! மூன்றாவது கதை இருக்கிறது. அதுதான் உங்கள் கதை.

வாஷிங்டன் நகரில் கடற்படைப் பீரங்கித் தொழிற்சாலை. அதற்குள் ஒரு சிற்றுண்டிச்சாலை. அதை நடத்தியது ஒரு தனியார் நிறுவனம், அஃதாவது, காண்டிராக்ட். அங்கே ஒரு பெண், சமையற்காரி. ஆறு ஆண்டுகளுக்கு மேல் வேலை. அவள் சமையலில் குறையில்லை, நடத்தையில் குறையில்லை. 1956 நவம்பர் 15-ஆம் நாள், "பாதுகாப்புத் தேவைகளை நீ நிறைவு செய்யவில்லை, அடையாள வில்லையைக் கழற்று" என்றார்கள். என்ன தேவை? எதில் நிறைவு இல்லை? சொல்லவில்லை. சங்கம் விசாரணை கேட்டது. அதனால் பயன் ஏதுமில்லை என்று மறுத்தார் தளபதி. சங்கம் ஓயவில்லை, உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1961 ஜூன் 19-ஆம் நாள் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு நீதிபதிகள் மறுபக்கம். அவள் தோற்றாள். தளத்தினுள் யாரை விடுவது என்பது தளபதியின் உரிமை. அவள் வேறெங்கும் சமையல் வேலை தேடிக்கொள்ளத் தடையில்லையே என்றது பெரும்பான்மை.

அவள் கையில் இருந்தது அணுகுண்டின் சூத்திரமா? அப்பம் திருப்பும் கரண்டி! பொறியாளருக்குக் காரணம் கேட்கும் வழி கிடைத்தது. கரண்டி பிடித்தவளுக்கு அது கிடைக்கவில்லை. சட்ட நிபுணர்கள் இரண்டு வழக்குக்கும் வேறுபாடு காட்டுவார்கள், காட்டட்டும். பசிக்கு வேறுபாடு உண்டா?

இன்னும் கேளுங்கள். அந்தப் பீரங்கித் தொழிற்சாலை இருந்த அதே கடற்படை வளாகத்தில், 2013 செப்டம்பர் 16-ஆம் நாள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். 12 பேரைச் சுட்டுக் கொன்றான். வேலி தாண்டி வந்தானா? சுரங்கம் தோண்டி வந்தானா? இல்லை. முறையான சீட்டைக் காட்டிக்கொண்டு வாயில் வழியே வந்தான்! அவனும் ஒப்பந்தப் பணியாள். பாதுகாப்புத் தகுதி பெற்றவன். துப்பாக்கியைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக முன்னரே கைதானவன். அவனுடைய பின்னணியை விசாரித்தது யார்? அரசா? இல்லை, அரசிடம் காண்டிராக்ட் எடுத்த ஒரு தனியார் நிறுவனம்! அந்த நிறுவனம், 2008-இலிருந்து 2012 வரை 6,65,000 விசாரணைகளை முழுமையாக முடிக்காமலேயே முடித்ததாக அனுப்பிவிட்டது என்று அமெரிக்க நீதித்துறையே 2014-இல் வழக்கில் குற்றம் சாட்டியது. கடைசியில் 2015-இல் குறைந்தது 3 கோடி டாலர் அளவுக்கு விட்டுக்கொடுத்து அந்த வழக்கு தீர்க்கப்பட்டது.

சமையற்காரியை வெளியே தள்ளிய வாயில், கொலைகாரனுக்குத் திறந்தது! இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் என்ன? காரணம் சொல்லாத கண்டிப்பு, பாதுகாப்பு ஆகாது. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில், சோதனை செய்பவருக்குச் சோம்பல் வரும். சோம்பலை மறைக்கச் சீல் உதவும். காரணத்தை எழுதவேண்டும் என்று வைத்துப்பாருங்கள். எழுதுபவர் விசாரித்துத்தான் எழுதவேண்டும். தொழிலாளிக்கு நீதியும் நாட்டுக்குப் பாதுகாப்பும் ஒரே வழியில்தான் வருகின்றன.

இங்கே, நம் நாட்டில் நிலை என்ன? 2014-இல் ஒரு வழக்கு வந்தது. விமான நிலையங்களில் தரைப்பணி செய்த ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புத் தகுதி திரும்பப் பெறப்பட்டது. நாட்டின் பாதுகாப்பு என்று வந்துவிட்டால், விசாரணை நெறிகளை அப்படியே கடைப்பிடிக்கவேண்டும் என்று வற்புறுத்த முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2023 ஏப்ரல் 5-ஆம் நாள் இன்னொரு தீர்ப்பு. மலையாளத் தொலைக்காட்சி ஒன்றுக்கு உள்துறை அமைச்சகம் பாதுகாப்புத் தகுதியை மறுத்தது. காரணத்தை உறையில் போட்டு ஒட்டி நீதிபதியிடம் மட்டும் கொடுத்தது. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. பாதுகாப்பு என்ற சொல்லை வெறுமனே உச்சரித்து, உரிமையைப் பறித்துவிட முடியாது என்று உரைத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அங்கே போனது தொலைக்காட்சி நிலையம். வழக்கறிஞர் படை இருந்தது. வாயிலிலே நிறுத்தப்பட்ட துப்புரவுத் தொழிலாளி டெல்லிக்கு எந்த இரயிலில் போவார்? எந்தக் காசில் போவார்?

காவல் நிலையச் சீட்டு என்றால், தமிழ்நாட்டு ஏழைக்கு ஒரு பழைய நினைவும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று வெள்ளையன் 1871-இல் ஒன்றைக் கொண்டுவந்தான். 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. பிறந்த சாதியைக் காட்டிக் குற்றவாளி என்றார்கள். கைரேகை வைக்கச் சொன்னார்கள். ஊரைவிட்டு வெளியே போக "ராதாரிச் சீட்டு" வேண்டும் என்றார்கள். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கி பேசியது. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. இன்றைய நுழைவுச் சீட்டும் ராதாரிச் சீட்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது மிகை. அது பிறப்பைச் சந்தேகித்தது. இது பணியிடத்தைக் காக்கிறது. ஆனால் ஒன்று மற்றொன்றாக மாற ஒரே ஒரு பொருள் போதும். காரணம் சொல்லாத அதிகாரம்! அது வந்து கலந்தால் எந்தச் சீட்டும் ராதாரிச் சீட்டுத்தான்.

எண்ணிப் பாருங்கள். கூடங்குளம் போராட்டத்தில் ஊர் ஊராக மக்கள் மீது வழக்குகள் போடப்பட்டன. அவற்றைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2013 மே 6-ஆம் நாள் தீர்ப்பில் சொன்னது. போராடியவர்கள் யார்? அந்தக் கரையிலேயே பிறந்து, வலைவீசிப் பிழைத்தவர்கள். அவர்களுடைய பிள்ளை அதே வாயிலில் வேலை கேட்டு நின்றால், "உன் பெயரில் வழக்கு இருந்தது" என்பதா தகுதியின்மை? மறியல் செய்தவனும் மண்டையை உடைத்தவனும் ஒன்றா? வழக்கு என்பது குற்றச்சாட்டு, தண்டனை அன்று. இந்த வேறுபாட்டை அறியாத சரிபார்ப்பு, குற்றத்தைத் தடுக்காது, குரலைத்தான் தடுக்கும்.

ஆகவே, தோழர்களே, என் விடை இது: சீட்டை உதறாதீர்கள்! நீங்கள் உதறிவிட்டுப் போனால் மகிழ்பவர் காண்டிராக்டர். கேள்வி கேட்காத இன்னொருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாரில்லை. அலையுங்கள், வாங்குங்கள். ஆனால் தனித்தனியாக அலையாதீர்கள், கூட்டாக அலையுங்கள். சங்கத்தின் பெயரால் பத்துப் பேருடைய காகிதம் ஒரே நாளில் போகட்டும். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்; பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்துக் கேளுங்கள். எழுத்தில் இருப்பது மட்டுமே நாளை பேசும்.

அதோடு மூன்று கோரிக்கைகளை முழங்குவோம்.

ஒன்று: சரிபார்ப்பின் செலவும், அலையும் நாள்களின் கூலியும், சோதனையை விரும்பும் முதலாளியின் கணக்கில். பாதுகாப்பு யாருக்கோ, செலவும் அவருக்கே! காண்டிராக்டர் கூலி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் தரவேண்டும் என்றது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அந்த நெறி அதிலும் நிற்கிறது. கூலிக்குப் பொறுப்பு என்றால், கூலி ஈட்ட உள்ளே விடும் சீட்டுக்கும் பொறுப்புத்தானே? அமெரிக்காவில் ஒப்பந்தப் பணியாளரின் பின்னணி விசாரணைச் செலவை அவர் தலையில் கட்டுவதில்லை, அரசே ஏற்கிறது.

இரண்டு: சீட்டு தொழிலாளியின் பெயரில், தொழிலாளியோடு. காண்டிராக்டர் மாறலாம், சரிபார்ப்பின் காலம் முடியும்வரை அது செல்லவேண்டும். நிறுவனம் மாறினாலும் முன்பு பெற்ற தகுதியைத் தொடரச் செய்யும் வழி அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

மூன்று: மறுத்தால் காரணம் எழுத்தில், முறையிட ஓர் இடம், முடிவுக்கு ஒரு நாள் கெடு. இரகசியத்தை எல்லாம் அவிழ்த்துக் கொட்டு என்று கேட்கவில்லை. "உன்மேல் உள்ள குறை இது, உன் விடை என்ன?" என்று கேட்கும் அளவுக்கு மனிதனாக மதி என்கிறோம், அவ்வளவுதான்.

இந்த மூன்றும் கிடைத்துவிட்டால், நீங்கள் கேட்ட கேள்வியே எழாது. அலைச்சல் ஒருமுறை, வேலை பல ஆண்டு, மானம் என்றைக்கும் என்றாகிவிடும். கிடைக்காதவரை, சீட்டை மார்பில் அணியுங்கள். ஆனால் தலையைக் குனியாதீர்கள். அந்தச் சீட்டில் இருப்பது உங்கள் முகம், உங்கள் பெயர், உங்கள் நேர்மைக்கான சான்று. காண்டிராக்டர் போட்ட பிச்சையன்று அது. சோதனைக்கு உட்பட்டு, தேறி, நீங்கள் ஈட்டிய சொத்து.

ஈட்டியவனுக்கே சொத்து உரிமை! அந்த உரிமையைக் கேட்கும் கடிதத்தில் முதல் கையெழுத்து இன்றிரவே, இந்தப் பந்தலிலேயே விழட்டும்.